கடலோரக் கிராமத்தில் வீடு வாங்க அரசின் இணையச் சேவைகள் எவ்வளவு தூரம் உதவும்?

மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் கிராமங்களில் வீடோ மனையோ தேடுபவர்கள் முதல்கட்ட வேலையை இப்போது வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட், வருவாய்த் துறையின் பட்டா–சிட்டா தளம் இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால், தரகர் காட்டும் இடங்களில் பாதியை வண்டி எடுக்காமலே கழித்துவிடலாம். மனதாரப் பாராட்ட வேண்டிய சேவைகள். ஆனால் கடலிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் வந்துவிட்டால், இந்தத் தளங்களில் இல்லாத விஷயங்கள்தான் வாங்குபவரின் பணத்தை விழுங்குகின்றன.

பெரும்பாலோர் முதலில் வில்லங்கம் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பார்க்கிறார்கள். கடலோரத்தில் அதற்கு முன்பே, பட்டா–சிட்டா தளத்தில் அ-பதிவேட்டை (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) திறந்துவிடுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் இலவசமாகவே வரும். அதில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். புறம்போக்கு என்று இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, இருபது வருஷ அனுபவம் எதைக் காட்டினாலும் அது விற்கத்தக்க சொத்தாகாது. ஒப்படைப்பு நிலம் (அரசு நிபந்தனையோடு வழங்கியது) என்றால் ஒப்படை ஆணையில் உள்ள நிபந்தனையைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் கொடுக்கப்பட்ட வீடுகளுக்கும் இதே எச்சரிக்கைதான். புது வீடு வாங்கிக்கொண்டு கரையோரப் பழைய மனையை அரசிடம் ஒப்படைத்த குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட பழைய மனை விலைக்கு வந்தால், விற்பவருக்கு அதில் உரிமை மிச்சம் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் கேட்க வேண்டும்.

நத்தம் இடங்களில் இந்தச் சேவை சற்றுத் தடுமாறுகிறது. மீனவக் கிராமத்தின் பழைய குடியிருப்பு பெரும்பாலும் கிராம நத்தம், அதாவது ஊர் குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலம். நத்தம் நிலவரித் திட்டத்தில் புது எண் கொடுக்கப்பட்டிருக்கும். பழைய பத்திரத்திலோ பழைய எண்தான் இருக்கும், அல்லது எண்ணே இல்லாமல் நான்கெல்லை மட்டும் இருக்கும். விற்பவர் கையில் இருப்பது தோராயப் பட்டாவா (தற்காலிகமானது), தூய பட்டாவா (இறுதியானது) என்று கேளுங்கள். தோராயப் பட்டா என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நத்தம் அடங்கலோடு (நத்தம் மனைகளின் பதிவேடு) ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும். நத்தம் மனைக்கு வீட்டுக்கடன் கொடுக்கப் பல வங்கிகள் யோசிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அளவு விஷயத்திலும் நிதானம் வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர், பத்திரத்தில் சென்ட், தரகர் பேச்சில் கிரவுண்டு. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஏறத்தாழ ஐந்தரை சென்ட். புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) தரவிறக்கி அச்செடுத்துக்கொண்டு போய் டேப் பிடித்துப் பாருங்கள். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண் மீட்டர் கணக்கு. கடல் பக்கத்து எல்லைக்கல்தான் அதிகம் காணாமல் போகும். அது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வில்லங்கச் சான்றுக்கு டி.என்.ரெஜிநெட் தரமான கருவி. முப்பது ஆண்டுக்குக் குறையாமல் தேடுங்கள். இணையத்தில் இல்லாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, உட்பிரிவு. மனை இன்று 112/3ஏ என்றால், அந்த எண்ணை மட்டும் போட்டால் உட்பிரிவு ஆன பிறகு நடந்த பதிவுகள்தான் வரும். அதற்கு முன் 112/3 என்றோ வெறும் 112 என்றோ எழுதப்பட்ட அடமானமும் பாகப்பிரிவினையும் கண்ணில் படாது. மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். இன்னொன்று, கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேட வேண்டும்.

வில்லங்கம் சுத்தமாக வந்தாலும் அதில் வராதவை உண்டு. உயில், பதிவு செய்யப்பட்டிருந்தாலும், பதிவகத்தின் வேறு புத்தகத்தில் இருக்கும், வில்லங்கத்தில் வராது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. மணமாகிப் போன பெண்களின் பங்கு வராது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்ப்பதுதான் இதற்கு வழி.

சர்வே எண்ணைப் போட்டால் ‘இந்த மனை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் (கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோரப் பகுதி) இருக்கிறது’ என்று பட்டாவோ வில்லங்கமோ சொல்வதில்லை. இந்தச் சேவைகளின் ஆகப் பெரிய குறை இதுதான். பத்திரம் பதிவாகிவிடும், பட்டாவும் மாறிவிடும், வீடு கட்டப் போகும்போதுதான் தடை தெரியும். இந்த மண்டலத்துக்கான மத்திய அரசின் 2011 அறிவிக்கையின்படி, கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (உயர் அலையின்போது கடல்நீர் எட்டும் எல்லை) முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. அங்கே அனுமதியோடு ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழைய அடித்தளப் பரப்பு மாறாமல் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தாருக்கு உள்ள வீட்டுச் சலுகை, வெளியூரிலிருந்து வாங்குபவருக்குச் சேராது. 200 முதல் 500 மீட்டர் வரை, இருக்கும் மீனவக் கிராமத்துக்குள், ஒன்பது மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்ற வரம்புக்குள் வீடு கட்டலாம்.

2019 அறிவிக்கை, மக்கள்தொகை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2161-க்கு மேல் உள்ள கிராமங்களில் இந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. தரகர்கள் சொல்லும் ‘இப்ப அம்பதுதான் சார்’ இதுதான். அந்த அறிவிக்கைப்படி தயாரான கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அந்தச் சலுகை செல்லும். எனவே மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டு, 1:4000 அளவிலான கிராம வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள். தூரத்தை ஈர மணலிலிருந்து அளக்கக் கூடாது; அந்த வரைபடத்தில் வரைந்திருக்கும் உயர் அலைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அது கரையில் கண்ணுக்குத் தெரியும் நீர்க்கோட்டுக்கு மேலே, நிலத்தின் பக்கம் இருக்கும்.

முதுகுப் பக்கத்தையும் மறக்காதீர்கள். ‘கடல் முக்கால் கிலோமீட்டர் தள்ளி’ என்று விற்கப்படும் மனையின் பின்னால் பக்கிங்காம் கால்வாயோ உப்பங்கழியோ இருந்தால், அலை ஏறி இறங்கும் நீர்நிலை என்ற வகையில் அதன் கரைக்கும் கடலோர ஒழுங்குமுறை உண்டு; தூரக் கணக்கு மட்டும் வேறு. முதலியார்குப்பம், ஆலம்பரை, மரக்காணம் பக்கம் இது சாதாரணம்.

கரை அரிப்பை எந்தத் தளமும் மனை வாரியாகச் சொல்லாது. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் ஒரு துறைமுகமோ கல் தடுப்போ வந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரை நடந்தது இதுதான். செயற்கைக்கோள் படங்களில் பழைய ஆண்டுகளை ஓட்டிப் பாருங்கள். மனைக்குத் தெற்கே சில கிலோமீட்டருக்குள் கல் தடுப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கட்டிய வீடு என்றால் முதலில் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல், அதில் பழுப்புக் கறை, சுத்தியலின் பிடியால் தட்டினால் பொள்ளல் சத்தம்: மூன்றும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிவிட்டது. மேலே பூசி மறைத்தால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் மறுபடி பெயரும். கடல்மணலோ உவர்நீரோ போட்டுக் கட்டினார்களா என்று அறிய, பொறியாளரிடம் சொல்லிப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் சில்வர் நைட்ரேட் கரைசல் தெளிக்கச் சொல்லுங்கள். உப்பிருந்தால் வெளுக்கும், இல்லாவிட்டால் பழுப்பாகும். புதிதாகக் கட்டுபவர்கள் எம்30 தரக் கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), 0.45-க்கு மேல் போகாத நீர்–சிமென்ட் விகிதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.க்கான (கம்பி போட்ட கான்கிரீட்) தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

குடிநீருக்கு ஆழ்துளை தோண்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஆழமாகப் போய் வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும், பிறகு இறங்க வருஷக்கணக்காகும். ஆழம் குறைந்த உறைக்கிணறு, சிறிய மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது என்பதே சரி. தண்ணீரை மே மாதம் சோதியுங்கள். டிசம்பர் மழைக்குப் பின் எடுத்த அறிக்கையை நம்ப வேண்டாம்.

ஊரைப் பார்க்கப் போகும் காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், படகுத் துறை உள்ள ஊரின் வழக்கமான சத்தம் அப்போது தெரியாது. மற்ற மாதத்தில் விடியற்காலை போய் ஏலத்தையும், கருவாடு காயும் திசையையும், வலை காயப்போடும் பொது இடத்தையும் பாருங்கள். அந்தப் பொது இடத்தை ஒட்டிய மனை என்றால், சுற்றுச்சுவர் எழுப்பும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசிவிடுவது நல்லது.

செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயித்த நில மதிப்பு) டி.என்.ரெஜிநெட் தளத்தில் சர்வே எண் வாரியாகப் பார்க்கலாம். சாலையோர எண்ணுக்கும் உள் எண்ணுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். முழு சர்வே எண்ணையும் வாங்கினால் பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறும் வசதி உண்டு. ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் உட்பிரிவுக்கு நில அளவர் வர வேண்டும். அவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரர்களும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கல் நட்டதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.