கதவுக்குச் செலவழித்த பணம்: என் பிக்கப்பின் ஒலியமைப்பும் அதை மாற்றித் தந்த பட்டறையும்

சிங்கப்பூரில் ஜூரோங்கிலிருந்து சாங்கி வரை குளிர்சாதனப் பராமரிப்பு வேலைக்காக அன்றாடம் ஓடும் என் இரட்டைக் கேபின் டீசல் பிக்கப்புக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன. சரக்கு வாகனங்களுக்குரிய ‘சி’ பிரிவில் புதிதாகச் சான்றிதழ் எடுத்துப் புது வண்டி வாங்கும் நிலையில் என் சிறு தொழில் இல்லை என்பதால், அந்த நான்கு ஆண்டுகளையும் இதே கேபினில்தான் கழிக்கப்போகிறேன். இலகு சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். நெரிசலையும் சேர்த்தால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் துணை ஒலி 96.8 வானொலியும், கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் நாகசுவரக் கச்சேரிகளும்தான். ஆகவே ஒலியமைப்பை மாற்றியதை ஆடம்பரமாக நான் நினைக்கவில்லை.

வண்டியோடு வந்தவை முன்கதவுகளில் இரண்டும் பின்கதவுகளில் இரண்டுமாக நான்கு காகிதக் கூம்பு ஸ்பீக்கர்கள். பிளேயரின் முகப்பில் ‘50 வாட் × 4’ என்று எழுதியிருந்தாலும் அது கணநேரம் எட்டும் உச்ச அளவு. இத்தகைய பிளேயர்கள் தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு, சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, பெரும்பாலும் 15 முதல் 22 வாட் வரைதான் இருக்கும். டீசல் இன்ஜினின் உறுமலுக்கும் சக்கரங்களின் இரைச்சலுக்கும் மேலாகச் செய்தி வாசிப்பவரின் சொல் புரிய வேண்டுமென்றால் ஒலியளவை 28 வரை ஏற்ற வேண்டியிருந்தது. அந்த அளவில் கதவுத் தகரமும் சேர்ந்து அதிரத் தொடங்கிவிடும்.

கடந்த ஆண்டு வேறொரு பட்டறையில் இதே வேலையைக் கொடுத்து, 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்து ஏமாந்தேன். பெட்டியின் மேல் ‘1,000 வாட்’ என்று அச்சிட்ட ஒரு சோடி ஸ்பீக்கரையும் ஒரு ஆம்பிளிஃபயரையும் இரண்டே மணி நேரத்தில் பொருத்தி அனுப்பினார்கள். சத்தம் கூடியது உண்மைதான். ஆனால் அதிர்வும் கூடியது. அத்துடன், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஒரு மெல்லிய ‘வ்வீ...’ என்ற ஒலி பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கியது. மூன்று முறை திரும்பிப் போனேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வயரை இழுத்துப் பார்த்துவிட்டு, டீசல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அது உண்மையில்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

நண்பர் ஒருவர் சொல்லி, காக்கி புக்கிட்டில் மாடியில் இயங்கும் ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். இரண்டே வண்டி நிற்கும் இடம். உரிமையாளர் நடுவயதுச் சீனர். அவரிடம் வேலை பார்ப்பவர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு ஆண்டுகளாக இங்கிருக்கும் தம்பி. நான் எதிர்பார்த்தபடி அவர்கள் பொருட்களை எடுத்துக் காட்டவில்லை. முதலில் வண்டிக்குள் ஏறி, இன்ஜினை அணைத்து ஒரு முறையும் ஓடவிட்டு ஒரு முறையும் நான் வழக்கமாகக் கேட்கும் பாட்டையே கேட்டார்கள். பிறகு அந்தத் தம்பி கதவை விரல் முட்டியால் தட்டினார். காலி பிஸ்கட் டின்னைத் தட்டியதுபோல ‘டங்’ என்றது. “அண்ணே, ஸ்பீக்கர மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கதவ அடைக்கணும். இல்லாட்டி எத்தன வெள்ளி போட்டாலும் பேஸ் வராது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது காற்று முன்பக்கம் அழுத்தப்படுகிறது, அதே கணத்தில் பின்பக்கம் தளர்கிறது. இவ்விரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. கதவின் உள்தகரத்தில் கண்ணாடி ஏற்றும் பொறியைப் பழுதுபார்க்க வசதியாகக் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள் இருக்கின்றன. அவற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் மூடியிருக்கிறது. பின்பக்க அலை அந்தத் துளைகளின் வழியே கேபினுக்குள் வந்து முன்பக்க அலையைச் சந்திக்கும்போது, பேஸ் எனப்படும், நீண்ட அலைகளாகிய தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் அந்தத் துளைகள் திறந்திருக்கும்வரை இதுதான் நடக்கும். பழைய பட்டறை இதை எனக்குச் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை விட்டேன். கதவுப் பேனலைக் கழற்றியதும், வெளித்தகரத்தின் உட்பக்கத்தை ஆல்கஹாலால் துடைத்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள, அலுமினியத் தகடு ஒட்டிய பியூட்டைல் ரப்பர் தாளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் சிறு உருளையால் அழுத்தி, தகட்டின் மேலிருக்கும் அச்சுக் கோலம் தட்டையாகும்வரை உருட்டினார் அந்தத் தம்பி. காற்றுக் குமிழ் சிக்கினால் அந்த இடத்தில் தாள் பிற்பாடு கழன்றுவிடும் என்றார். பிறகு உள்தகரத்தின் பெரிய துளைகளையும் அதே தாளால் மூடினார்கள். இரண்டு முன்கதவுகளுக்கு மட்டுமே மதியம்வரை பிடித்தது. முடிந்ததும் என்னை அழைத்துக் கதவைத் தட்டச் சொன்னார். ‘தொப்’ என்று ஒரே ஒலியோடு அடங்கியது. கதவைச் சாத்தும்போது வரும் ஓசையே மாறிவிட்டது.

நம் ஊர் மழையைப் பற்றி அவர்கள் எடுத்துக்கொண்ட கவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி இறங்கும் இடுக்கின் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியிலிருக்கும் வடிதுளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். தாள் ஒட்டும்போது அடிப்பகுதியில் மூன்று விரல் அகலம் விட்டு, வடிதுளைகளில் கம்பியை நுழைத்து அடைப்பில்லை என்று காட்டினார்கள். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையமும் பிளாஸ்டிக்கில் வார்த்தது. முந்தைய பட்டறை போட்டிருந்த எம்டிஎஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) வளையம் ஓராண்டுக்குள் ஈரத்தில் ஊறி ரொட்டிபோல உப்பியிருந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். திருகாணி பிடிமானம் இழந்து கையாலேயே சுழன்றது. என் காதில் விழுந்துகொண்டிருந்த அதிர்வில் பாதி அதிலிருந்துதான் வந்திருக்கிறது.

ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறிய அந்த ஒலிக்கும் காரணம் கிடைத்தது. ஆம்பிளிஃபயரின் எர்த் வயரைப் பெயின்ட் பூசிய போல்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள்; ஒலிச் சிக்னல் செல்லும் வயரையும் பேட்டரியிலிருந்து வரும் மின்வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் மின்னிரைச்சல் ஒலிக்குள் நுழைய இவ்வளவு போதும். இவர்கள் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் எர்த்தை இறுக்கி, மின்வயரை வலப்பக்கமும் சிக்னல் வயரை இடப்பக்கமும் பிரித்துக் கொண்டுபோனார்கள். செப்புப் பூச்சு பூசிய அலுமினிய வயரை எடுத்துவிட்டு முழுச் செப்பு வயர் போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் வைத்தார்கள். வயர் எங்காவது தகரத்தில் உரசித் தீப்பற்றும் நிலை வந்தால் வண்டியைக் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான். ஆகவே அது பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பழைய பட்டறை அதை இருக்கைக்கு அடியில், ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. அந்த வண்டியில் என் வேலையாட்கள் இருவரும் ஓராண்டாகப் பயணம் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

பிளேயரை மாற்ற வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். பின்னோக்கிக் கேமராவும் ஸ்டியரிங் பொத்தான்களும் அதனோடு இணைந்திருப்பதால், அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னலை எடுத்துக்கொள்ளும், ஒலியைத் திருத்தியமைக்கும் டிஎஸ்பி சில்லு உள்ள நான்கு சேனல் ஆம்பிளிஃபயரைப் போட்டார்கள். சேனலுக்கு ஆர்எம்எஸ் 50 வாட். முன்கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கரும், கண்ணாடித் தூணுக்கருகில் உயர்ந்த சுரங்களுக்கான, பட்டுத்துணிக் குவிமாடம் கொண்ட டுவீட்டரும் அமைந்தன.

பிக்கப்பில், தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள சப்வூஃபருக்கு இடம் தேடுவது காரில் தேடுவதைப்போல் எளிதாக இல்லை. பின்னால் பூட்டறை கிடையாது. திறந்த சரக்குத் தட்டில் வைக்க முடியாது. பின்னிருக்கையின் முதுகு நேராகக் கேபின் சுவரில் ஒட்டியிருக்கிறது. மிஞ்சுவது பின்னிருக்கையின் அடி. அங்குதான் என் வாயு அழுத்தமானிகளும் செப்புக்குழாய் வெட்டும் கருவிகளும் இருக்கின்றன. ஆல்பைன் நிறுவனத்தின் பிடபிள்யூஇ-எஸ்8 என்ற, எட்டு அங்குலக் கூம்பும் 120 வாட் ஆர்எம்எஸ் ஆம்பிளிஃபயரும் ஒன்றாக அடங்கிய தட்டைப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். கருவிப்பெட்டிகளில் ஒன்றை மட்டும் சரக்குத் தட்டின் பூட்டுப் பெட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இந்தப் பெட்டியும் அதற்கு மேலே உள்ளதைக் கதவு ஸ்பீக்கர்களும் பிரித்துக்கொள்கின்றன. நெஞ்சை இடிக்கும் பேஸை எதிர்பார்ப்பவர்களுக்கு இது போதாது. எனக்குப் போதும்.

மாலையில் ஒலியைச் சீர்செய்வதற்கென்றே உரிமையாளர் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். வலது கதவு ஸ்பீக்கரைவிட இடது கதவு ஸ்பீக்கர் என் காதுக்கு அரை மீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போவதால், இடப்பக்க ஒலி சுமார் ஒன்றரை மில்லி நொடி பிந்தி வரும். மூளை அதைப் பாடகர் வலக்கதவுக்குள் நின்று பாடுவதாகப் புரிந்துகொள்ளும். அளவுநாடாவால் ஒவ்வொரு தூரத்தையும் என் தலைச்சாய்மானத்திலிருந்து அளந்து, அருகிலிருக்கும் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினார். பொத்தானை அழுத்திய கணத்தில் குரல் வலக்கதவை விட்டு நகர்ந்து, டாஷ்போர்டின் நடுவே, கண்ணாடிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டியிருப்பேன்; அவ்வளவு துல்லியமாக இருந்தது.

அன்றிரவு வீடு திரும்பும்போது நேர்வழியில் போகாமல் தீவு விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் வரை ஓட்டினேன். மலிவான டுவீட்டர்களில் நாகசுவரத்தின் மேல்ஸ்தாயி காதைக் குத்தும். இதில் ஊதுமுனையான சீவாளியின் கரகரப்பு தெரிகிறது, குத்தல் இல்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடுகள் விழும் சொற்களும் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் முழக்கமும் இதுவரை ஒரே இரைச்சலாகத்தான் எனக்குக் கேட்டிருந்தன. இப்போது இரண்டும் இரண்டு கைகளாகப் பிரிந்து கேட்கின்றன. மிருதங்கத்தில் தொப்பியை அழுத்தி எடுக்கும் கும்கி என்ற நாதம் வழுக்கி ஏறுவதைப் பழைய ஸ்பீக்கர்களில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இளையராஜாவின் பழைய பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருப்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டுப் பதிவுகள் மட்டும் முன்புபோலவே இருக்கின்றன. அந்தக் காலப் பதிவில் இல்லாத தாழ்ந்த சுரத்தை எந்த ஸ்பீக்கரும் கொண்டுவர முடியாது.

எனக்கு மிகப் பெரிய ஆதாயம் செய்தி கேட்பதில்தான். 28இல் வைத்திருந்த ஒலியளவை இப்போது 17இல் வைக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பதே இங்குள்ள வேலையிட விதிகளின் வரம்பு. அதைவிட 3 டெசிபெல் கூடினால் தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. பகலெல்லாம் கம்ப்ரெசர் அறைகளில் நிற்கும் என் காதுக்குக் கேபினிலாவது ஓய்வு தேவைப்பட்டது.

குறைகளும் உண்டு. மாலை ஆறு மணிக்கு வண்டி தயார் என்றார்கள். கைக்கு வந்தபோது எட்டரை. இடது கதவுப் பேனலின் ஒரு கிளிப் உடைந்து, அதற்கு மாற்று கிடைக்க நான்கு நாள் ஆனது. பணம் வாங்கவில்லை என்றாலும், உடைந்ததை நான் கண்டுபிடிப்பதற்கு முன் அவர்களே சொல்லியிருக்கலாம். பின்கதவுகளை இப்போது அடைக்க வேண்டியதில்லை என்ற அவர்களது யோசனை ஓட்டுநருக்குச் சரி. பின்னால் உட்காரும் வேலையாட்களுக்கு ஒலி இன்னும் பழைய தரத்தில்தான் இருக்கிறது.

மொத்தச் செலவு 2,120 வெள்ளி. கதவுகளை அடைக்கப் பொருளும் கூலியுமாக 420, ஸ்பீக்கர்களும் டுவீட்டர்களும் 380, ஆம்பிளிஃபயர் 560, சப்வூஃபர் 390, வயரும் ஃபியூஸும் 120, பொருத்தி ஒலியைச் சீர்செய்த கூலி 250. கையில் 800 வெள்ளிதான் இருக்கிறது என்பவர்கள், முதலில் கதவையும் முன்பக்க ஸ்பீக்கர்களையும் முடித்துக்கொண்டு, ஆம்பிளிஃபயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருமடங்கு வாட் சேர்த்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான். டாஷ்போர்டைத் திறக்கும்போது சாலைக் கட்டணக் கருவியையும் அதன் வயரையும் தொடக்கூடாது என்பதைப் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே நான் சொல்வதற்கு முன்பே அதன் மேல் நாடா ஒட்டி ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்து மூன்று வாரத்தில் ஒருநாள் உட்லண்ட்ஸில் மதியம் முழுக்கக் கொட்டிய மழையில் வண்டி திறந்த பேட்டையில் நின்றது. மழை விட்டதும் முன்கதவைத் திறந்து அடியில் கைவைத்துப் பார்த்தேன். மூன்று வடிதுளைகளிலிருந்தும் தண்ணீர் சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பேனலைக் கழற்றச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கழற்றிக் காட்டினார்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் காய்ந்திருந்தது. பின்கதவுகளுக்கு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நாள் குறித்துவிட்டு வந்தேன்.