மக்னட்ரோனா, கிளைஸ்ட்ரோனா? மட்டக்களப்பிலிருந்து ஒரு கணக்கு

கதிர்ச் சிகிச்சைக்கு லினாக், அதாவது எலெக்ட்ரோனை முடுக்கிக் கதிர் உண்டாக்கும் இயந்திரம், எடுக்க யோசித்த ஒரு தனியார் நிலையம் போன வருடம் என்னிடம் ஆலோசனை கேட்டது. எலெக்ட்ரோனை முடுக்கும் நுண்ணலையைத் தரும் குழல்கள் இரண்டு, மக்னட்ரோன், கிளைஸ்ட்ரோன்; எதை நம்புவது என்பதுதான் கேள்வி. மக்னட்ரோன் என்று எழுதிக் கொடுத்தேன். "பழைய சாமானை ஏனண்ணன் சொன்னீங்க?" என்று கூட வேலை செய்த தம்பி இன்னும் கேட்கிறான்.

வயதைப் பார்த்தால் லினாக்கில் ஓடும் குழிவகை மக்னட்ரோனைவிடக் கிளைஸ்ட்ரோன்தான் மூப்பு. வேரியன் சகோதரர்கள் அதை 1937இல் செய்தார்கள். ராண்டலும் பூட்டும் பர்மிங்காமில் குழிவகை மக்னட்ரோனை ஓடவைத்தது 1940இல். 1953இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் முதல் நோயாளிக்குக் கதிர் கொடுத்த லினாக்கும் மக்னட்ரோனில் ஓடியதுதான்.

சக்தியில் கிளைஸ்ட்ரோன் முன்னே, அதில் வாதமில்லை. ஆனால் 6 மெகாவோல்ட் கதிருக்கு மக்னட்ரோனின் 2, 3 மெகாவோட் துடிப்பே போதும். அதிர்வெண் நிலையாக நிற்பதிலும் கிளைஸ்ட்ரோன் நல்ல பிள்ளை, ஏனென்றால் அது வெளியிலிருந்து கொடுக்கும் அலையைப் பெரிதாக்கும் வெறும் பெருக்கி. மக்னட்ரோன் தானே அலையை உண்டாக்குவதால் சூடேறச் சூடேற நழுவும். சரி, ஆனால் முடுக்கிக் குழாய் செம்பாயிற்றே! 2998 மெகாஹேர்ட்ஸில் ஓடும் குழாயின் குளிர்நீர் 1 பாகை ஏறினால் செம்பு விரிந்து, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறக்குறைய 50 கிலோஹேர்ட்ஸ் இறங்கிவிடும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீரைக் குளிராக்கும் சில்லர் திணறினால் எந்தக் குழலானாலும் அந்த அதிர்வெண்ணின் பின்னாலேயே ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்த்தது குழல் மாற்றும் நாள். மக்னட்ரோன் சீக்கிரம் தேயும், கிளைஸ்ட்ரோன் பல வருடம் கூடுதலாக உழைக்கும். ஆனால் மக்னட்ரோன் பெட்டியில் வரும். நுண்ணலை போகும் குழாயான அலைவழியின் வாயுவை இறக்கி, தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி, இரண்டு பேர் மாற்றிவிடலாம். பிறகு வோல்டேஜை மெல்ல ஏற்றிப் பழக்கி, நீர்த்தொட்டியில் கதிரை அளந்து பார்க்க வேண்டும். கிளைஸ்ட்ரோனோ 100 கிலோவோல்ட்டுக்கு மேல் கேட்கும், எண்ணெய்த் தொட்டியில் நிற்கும். தூக்கக் கப்பி வேண்டும். வாவிக்கரை ஈரக்காற்றில் எண்ணெயைத் திறப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறும். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை வாகரையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் பஸ் ஏறி வருபவர்களுக்கு என்ன சொல்வது? வாரம் 5 நாள் என்று போட்ட சிகிச்சையை நினைத்தபடி தள்ளிப்போட முடியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிளைஸ்ட்ரோன் மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றது ஒரே தடவை, அதுவும் கட்டாரில். என் பயம் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். 15, 18 மெகாவோல்ட் கேட்பவர்களுக்கு நான் இவ்வளவு அடித்துப் பேசவும் மாட்டேன்.

மேலதிக மக்னட்ரோன் ஒன்றை வாங்கி அலுமாரியில் வைக்கச் சொல்லியும் எழுதியிருந்தேன். கணக்காளர் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்.