கல்லூரியில் படித்த பிரெஞ்சு பேசக் கைகொடுக்குமா? சென்னை முதல் பாரிஸ் வரை என் அனுபவம்

சென்னைக் கல்லூரி ஒன்றில் பகுதி 1 மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தேன். பிறகு நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு கற்பிக்கும் மையமான அலியான்ஸ் பிரான்சேசில் மாலை வகுப்புகளில் சேர்ந்தேன். அதன்பின் பாரிசில் பிரெஞ்சு வழியிலேயே முதுகலை முடித்தேன். மூன்று இடத்திலும் கற்றது பிரெஞ்சுதான் என்றாலும் மூன்றிலும் கைக்கு வந்தது வேறு வேறு. கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தால் பேச வருமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக, பல ஆண்டுகள் அதோடு வாழ்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி வகுப்பு வீண் அல்ல. ஆனால் அது காதுக்கும் வாய்க்கும் பயிற்சி தருவதில்லை. அந்தப் பொறுப்பை முதல் பருவத்திலேயே நீங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பகுதி 1 பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் நான்கு பருவங்கள் ஓடும். எங்கள் வகுப்பில் பலர் மதிப்பெண்ணைக் கருதியே பிரெஞ்சு எடுத்தார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புவது, வினைச்சொல்லை உரிய காலத்தில் எழுதுவது, பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என்று தேர்வு முழுக்க எழுத்திலேயே முடிந்துவிடும். ஆசிரியை மிகுந்த அக்கறை உள்ளவர். ஆனால் அவ்வளவு பெரிய வகுப்பில் ஒவ்வொருவரையும் பேச வைக்க அவருக்கு நேரம் போதாது; பேச்சுக்கு மதிப்பெண்ணும் கிடையாது.

இப்படிக் காகிதத்தில் மட்டும் படிப்பதில் பிரெஞ்சுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. 'பேசு' என்னும் வினையை 'நான்', 'நீ', 'அவர்கள்' என்று மாற்றி எழுதும்போது மூன்றுக்கும் ஈறு வேறு. காதில் விழுவதோ மூன்றுக்கும் ஒரே 'பார்ல்'. எழுத்தில் ஈற்றை நம்பிப் பழகியவர், பேச்சிலும் அந்த ஈற்றைத் தேடிக் காத்திருப்பார். அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். தனியாக நிற்கும்போது ஒலிக்காத எழுத்து, அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் திடீரென்று உயிர் பெறும் பழக்கமும் உண்டு. 'லே' என்பதும் 'ஆமி' என்பதும் சேர்ந்தால் 'லேஸாமி'. புத்தகத்தில் இரண்டு சொல்லாகப் பார்த்ததைக் காது ஒரு சொல்லாகத்தான் கேட்கும். எனவே பாடநூலின் ஒலிப்பதிவைக் கேட்காமல் எந்தப் பாடத்தையும் படிக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் அந்த ஒலிப்பதிவுகள் வகுப்பில் ஒலித்ததே இல்லை.

அதே நான்கு பருவங்கள் எனக்குத் தந்ததையும் சொல்லியாக வேண்டும். வினைமாற்றங்கள், பெயர்ச்சொல்லின் பால், பிரதிப்பெயர்கள் வரும் வரிசை ஆகியவை அங்கே அழுத்தமாக மனத்தில் பதிந்தன. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் பார்ப்பது தமிழருக்கு முற்றிலும் புதிது. எந்தத் தர்க்கத்தாலும் பிடிபடாது. பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் 'லெ', 'லா' என்னும் சிறு சொல்லுடனேயே மனப்பாடம் செய்ய வைத்த எங்கள் ஆசிரியைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டி வந்தபோது இந்த அடித்தளமே தாங்கியது. பேசிப் பேசியே மொழியைப் பிடித்த வேறு நாட்டு நண்பர்கள் எழுத்தில் எவ்வளவு தடுமாறினார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. அதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு ஆங்கிலம் பேசுபவர்கள் திணறுவார்கள். நாமோ அன்றாடப் பேச்சில் 'மரம்', 'அவன்' என்று சொல்லும்போது ஈற்று மெய்யை முழுதாக ஒலிக்காமல் உயிரை மூக்கு வழியாக விட்டுவிடுகிறோம். அதே பழக்கம்தான் அங்கேயும் வேண்டும். க, த, ப ஒலிகளில் மூச்சைக் கூடுதலாக விடாத நம் பேச்சும் பிரெஞ்சுக்கு அப்படியே பொருந்தும். கடினமானது, 'இ'க்கும் 'உ'வுக்கும் இடைப்பட்ட அந்த உயிர். நாக்கை 'இ'யில் அசையாமல் நிறுத்தி, உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவித்துக் கண்ணாடி முன் பழகினால் வந்துவிடும். இதை ஆரம்பத்திலேயே சரிசெய்யாமல் விட்டால் 'நீ' என்பதும் 'எல்லாம்' என்பதும் உங்கள் வாயில் ஒரே சொல்லாகிவிடும்.

பிரெஞ்சு அரசு சான்றிதழ் தரும் மொழித்திறன் தேர்வான டெல்ஃபுக்காக அலியான்சில் சேர்ந்த பிறகுதான் பேசுவது என்பதே எனக்குத் தொடங்கியது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நான்காம் படியான பி2 நிலைத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பிரிவிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பேச்சுத் தேர்வில் இரண்டு தலைப்புகளை எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தயாரிக்க 30 நிமிடம் தருவார்கள். பிறகு நம் கருத்தை முன்வைத்து, தேர்வாளர்களோடு வாதாட வேண்டும். நாங்கள் மூன்று தோழிகள் சேர்ந்து கல்லூரி மதிய இடைவேளையில் ஒரு செய்தித் தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி எதிர்ப்பாள், மூன்றாமவள் கைபேசியில் பதிவு செய்வாள். வீட்டுக்குப் போய் அவரவர் பதிவை அவரவரே கேட்போம். என் பிரெஞ்சை உயர்த்தியவற்றில் இதற்கே முதலிடம். செலவு ஏதுமில்லை. உடன் படிக்கும் ஒத்த நிலையினர் வேண்டும். அவர்கள் கல்லூரியில்தான் கிடைப்பார்கள்.

கேட்பதற்கு நான் இன்றுவரை பரிந்துரைப்பது ஆர்எஃப்ஐ வானொலியின் 'எளிய பிரெஞ்சில் செய்திகள்'. பத்து நிமிட உலகச் செய்தி. எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கிறது. வெறுமனே ஓடவிட்டுக் கேட்பதில் பலன் குறைவு. ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதி, பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் சொற்கள் ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றின என்பது கண்ணெதிரே தெரியும். டீவி5மோந்தின் கற்றல் தளமும் இலவசம்; காணொளிகள் நிலைவாரியாகப் பயிற்சிகளோடு உள்ளன. கைபேசிச் செயலிகளில் டுவோலிங்கோ தொடக்கத்தில் தினசரிப் பழக்கத்தை உண்டாக்கியது. ஏ2 தாண்டியதும் நீக்கிவிட்டேன். சொற்களை நினைவில் வைக்க, அட்டை அட்டையாகக் காட்டிக் கேட்கும் ஆன்கி செயலி போதும்.

புதுச்சேரிக்குப் போனால் பிரெஞ்சு பேசிப் பழகலாம் என்று பலர் சொல்வார்கள். வெள்ளை நகரத் தெருக்களில் கடைக்காரர்கள் நம்மிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் பேசுவார்கள். பிரெஞ்சு வாழ்வது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலும், அங்கே 'சொல்தா' என்று அழைக்கப்படும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்களின் பேச்சிலும், பிரெஞ்சு வழியில் நடக்கும் லீசே பள்ளியைச் சுற்றியும்தான். உறவோ நட்போ இருந்தால் போங்கள். இல்லையென்றால் அந்தப் பஸ் கட்டணத்தில் ஒரு நல்ல இலக்கணப் பயிற்சி நூல் வாங்கலாம்.

பாரிசில் முதல் வாரமே ஒன்று தெளிவானது. பி2 சான்றிதழ் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும். உள்ளே உட்கார்ந்து விரிவுரையைப் பின்தொடர அது போதாது. பெரிய அரங்கில் பேராசிரியர் இரண்டு மணி நேரம் பேசுகிறார். திரையில் எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நிற்காமல் எழுதுகிறார்கள். கேட்பது, புரிந்துகொள்வது, சுருக்குவது, எழுதுவது நான்கும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். இந்தத் திறனை எந்த மொழி வகுப்பும் எனக்குக் கற்பித்ததில்லை. பிரெஞ்சு மாணவர்களின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அவர்களிடம் ஒரு சுருக்கெழுத்து முறையே இருப்பது தெரிந்தது. 'சியோன்' என்று முடியும் சொற்களின் ஈற்றை மேலே ஒரு சிறு வட்டமாகப் போட்டுவிடுகிறார்கள். 'மோன்' என்று முடியும் வினையடைகளுக்கு இரண்டே எழுத்துகள். 'எப்போதும்', 'ஏதோ ஒன்று' போன்ற சொற்களுக்கும் குறுக்கம் உண்டு. அதைப் பழகிய பிறகு கை வேகம் பெற்றது. கை வேகம் பெற்றதும் காதுக்கு ஓய்வு கிடைத்தது. பிரெஞ்சில் படிக்கப் போகும் ஒவ்வொருவரும் புறப்படும் முன்பே யூடியூபில் ஒரு முழு விரிவுரையைப் போட்டு இப்படிக் குறிப்பெடுத்துப் பார்க்க வேண்டும்.

சிறு குழு வகுப்புகளில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முன்னால் நின்று பேசியாக வேண்டும். அங்கே உச்சரிப்பைவிட அமைப்பைப் பார்க்கிறார்கள். தலைப்பிலிருந்து ஒரு மையக் கேள்வியை உருவாக்கி, இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, அந்தத் திட்டத்தை முதலிலேயே அறிவித்துவிட்டுப் பேச வேண்டும். டெல்ஃப் வாதப் பயிற்சி இங்கே அப்படியே உதவியது. மதிப்பெண் 20க்கு. 16 என்றாலே மிகச் சிறப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு பழகிய நம் பிள்ளைகள் 12ஐப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அது அங்கே மதிப்பான எண்.

வகுப்புக்கு வெளியே, வாடகை உதவிக்கோ மருத்துவக் காப்பீட்டுக்கோ தொலைபேசியில் பேசுவதுதான் கடினமான தேர்வு. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 75 என்பது 'அறுபது பதினைந்து'; 97 என்பது 'நான்கு இருபது பதினேழு'. அறுபது என்று கேட்டதும் 6 எழுதிவிட்டால் வரிசையே கலைந்துவிடும். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வது இன்னொன்று. ஆங்கிலத்தில் 'ஜி' என்பது அங்கே 'ழே'. ஆங்கிலத்தில் 'ஜே' என்பது அங்கே 'ழி'. நேர் தலைகீழ். முதலெழுத்தோடு மட்டும் பெயர் வைத்திருக்கும் தமிழருக்குக் குடும்பப் பெயர் எது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். இருபது எழுத்துப் பெயரைத் தடுமாறாமல் சொல்லவும், எண்களைக் கேட்டவுடன் எழுதவும் ஊரிலேயே பழகிக்கொண்டு போங்கள். இதைவிட நடைமுறைப் பயன் தரும் பயிற்சி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

பேச்சு சரளமானதற்கு இரண்டு பேருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஒருவர் இனால்கோ என்னும் கீழைமொழி நிறுவனத்தில் தமிழ் படித்த பிரெஞ்சு மாணவி. பாதி நேரம் தமிழ், பாதி நேரம் பிரெஞ்சு என்று பேசிக்கொள்வோம். 'தெரியாது' என்பதைப் புத்தகத்தில் உள்ளபடி 'ஜெ நெ சே பா' என்று நான் சொன்னால், யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'ஷே பா' என்று சொல் என்று திருத்துவார். மற்றவர் லா ஷப்பேல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா. எந்தச் சான்றிதழும் இல்லாமல், உணவகச் சமையலறையில் வேலை செய்தே மொழியைப் பிடித்தவர். அலுவலகச் சாளரத்தில் என்ன கேட்பார்கள், எந்த வரிசையில் பதில் சொல்ல வேண்டும் என்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எனக்கு நடித்தே காட்டினார். எதைக் கேட்பதற்கு முன்பும் முகம் பார்த்து 'போன்ஜூர்' சொல்லிவிடு தங்கச்சி என்று அவர் சொன்ன பிறகு, எத்தனையோ சாளரங்களில் எனக்குக் கிடைத்த வரவேற்பே மாறியது.

இன்னும் எனக்குக் கைவராதது, உணவுமேசையில் ஐந்தாறு பிரெஞ்சு இளைஞர்கள் ஒரே நேரத்தில் பேசும் பேச்சு. சொற்களின் அசைகளைத் தலைகீழாக்கிப் பேசுவார்கள், பாதி புரியும். அதற்காகத் தொடர்ந்து உழைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. டெல்ஃப் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். இன்னொரு பிரெஞ்சு மொழித்திறன் தேர்வான டிசிஎஃபின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். மேற்படிப்பு எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் டெல்ஃபையே எழுதுங்கள். இறுதி ஆண்டு ஆய்வேட்டோடு மோதாமல், அதற்கு முந்தைய கோடையிலேயே பி2 முடித்துவிடும்படி வகுப்புகளைத் திட்டமிடுங்கள்.