கரெட் ஏஸ் 300: வன்னிப் பள்ளிக்கூட வளவுக்குள் இதற்கு என்ன வேலை?

ஊரில் எந்த மெட்டல் டிடெக்டருக்கும் 'ஸ்கானர்' என்றுதான் பெயர். அதைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டால் போனால், இயக்கம் (புலிகள்) புதைத்த தங்கத்தைத் தோண்டப் போகிறான் என்று சனமும் நினைக்கும், பொலிசும் நினைக்கும். நீதிமன்ற அனுமதி எடுத்து, பெக்கோ இறக்கித் தோண்டிய இடங்களே பல தடவை வெறும் குழியோடு முடிந்திருக்கின்றன. கரெட் நிறுவனத்தின் ஏஸ் 300 டிடெக்டர் அந்த வேலைக்குச் செய்த மெஷினே இல்லை. பூங்காவிலும் கடற்கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் சில்லறைக் காசு தேடும் அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரருக்காகச் செய்தது. அங்கே மைதானத்துக்குள் போகிறவருக்கு உள்ள ஒரே கவலை, பள்ளிக்கூடம் அனுமதி கொடுக்குமா கொடுக்காதா என்பதுதான். எங்களுக்கு அது இரண்டாவது கவலை; முதல் கவலை மண்ணுக்குள் கிடக்கும் மிதிவெடியும் செல்லும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மெஷின் நல்லது. ஆனால் வன்னிப் பள்ளிக்கூடத்தில் அதற்குச் சரியான வேலை ஒன்றுதான்: மெய்வல்லுநர் போட்டியன்று புல்லுக்குள் விழுந்த மோதிரத்தையோ சங்கிலியையோ தேடி எடுப்பது. அதுவும் மிதிவெடி அகற்றிக் கையளித்த நிலத்தில், கையில் அனுமதிக் கடிதத்தோடு, மண்வெட்டி இல்லாமல். இதற்கு மேல் எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதென்றால், இறக்குமதி அனுமதி வேண்டுமா என்று சுங்கத்தில் முதலே கேட்டுவிடுங்கள்.

எடை ஏறக்குறைய 1.3 கிலோ. நான்கு ஏஏ பற்றறி போதும். கொயில் 7 அங்குலத்துக்கு 10 அங்குலம், முட்டை வடிவம். 8 கிலோஹேர்ட்சில் வேலை செய்கிறது. கொயிலைத் தண்ணீருக்குள் விடலாம், திரை உள்ள மேல்பெட்டியை விட முடியாது. கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டாமல் வெளியே எடுக்கவேண்டாம். பொருள் அகப்பட்டால் திரையில் 0 இலிருந்து 99 வரை ஓர் எண் காட்டும். இரும்பு கீழே நிற்கும், அலுமினியத் தாளும் மெல்லிய பொன்னும் நடுவில் வரும், செம்பும் வெள்ளியும் மேலே ஏறும்.

இந்த எண்ணை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அளவுகோல் அமெரிக்கச் சில்லறையை வைத்துப் போட்டது. எங்கள் காசுகளில் 2005 இல் வந்த தொடரோ உருக்குக்கு மேல் முலாம் பூசியது. ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் பித்தளை முலாம், இரண்டு ரூபாய் நிக்கல் முலாம். உள்ளே இரும்பு, வெளியே வேறு உலோகம் என்பதால் எண் ஒரு இடத்தில் நிற்காது. கொயிலை வலமிருந்து ஆட்டினால் ஒன்று, இடமிருந்து ஆட்டினால் இன்னொன்று. காசு மட்டும் தேடும் 'கொயின்ஸ்' முறையில் போட்டால் இரும்பென்று தள்ளிவிடவும் கூடும். 1984 இல் வந்த தடித்த பழைய ஐந்து ரூபாய் ஒழுங்காகப் பேசும்.

அடுத்தது மண். இந்த மெஷினில் மண்ணுக்கு ஏற்றபடி கையால் சரிசெய்யும் வசதி இல்லை, தொழிற்சாலையில் வைத்த அளவுதான். கட்டடத்தைச் சுற்றிக் கிறவல் கொட்டிய இடத்தில், அதில் உள்ள இரும்புத் தாது சும்மா சும்மா கத்த வைக்கும். கொக்கிளாய்ப் பக்கத்துக் கறுப்பு மணலிலும், உப்பு ஊறிய ஈர மணலிலும் இதே கதைதான். உணர்திறனை 8 படியில் 4, 5 க்கு இறக்கினால் சத்தம் அடங்கும், ஆழமும் போய்விடும். கிறவல் இல்லாத மண்ணில் காசு அளவுள்ள பொருளை 15, 20 சென்ரிமீற்றர் வரை பிடிக்கிற மெஷின், கிறவலில் அதில் பாதியைக்கூடப் பிடிக்காது. தகரக் கூரை, முள்ளுக்கம்பி வேலி, கம்பி போட்ட கொங்கிறீற் தளம் ஆகியவற்றுக்கு ஒரு மீற்றருக்குள் போனால் எதையும் நம்ப முடியாது.

இனி மெஷினின் குறை அல்லாத குறை. ஒரு துப்பாக்கிப் பித்தளைக் கோது சுட்ட வெறுங்கோதா, ரவையோடு இருக்கிறதா என்று இதற்குத் தெரியாது. இரண்டுக்கும் எண் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் அது பார்ப்பது பித்தளையை, வெடிமருந்தை அல்ல. செல் (எறிகணை) துண்டும் வெடிக்காத முழுச் செல்லும் இரும்பென்றே கத்தும். பி4 வகை மிதிவெடி இன்னும் மோசம்: உடல் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம். புலிகள் செய்த ஜொனி 95 மரப்பெட்டிக்குள் வைத்தது. நிலமெல்லாம் செல் துண்டும் ஆணியும் கிடக்கும்போது இப்படிப்பட்ட சின்னச் சத்தத்தைப் பிரித்தெடுக்க முடியாதென்பதால்தான், மிதிவெடி அகற்றும் பணியாளர்கள் பல இடங்களில் டிடெக்டரை ஒரு பக்கம் வைத்துவிட்டு றேக்கால் மண்ணை அங்குலம் அங்குலமாக வழித்து எடுத்தார்கள். அவர்களின் டிடெக்டருக்கே அந்தப் பாடு. ஏஸ் 300 சத்தம் போடாத இடம் பாதுகாப்பான இடம் என்று யாராவது சொன்னால், அவரோடு நடக்கவேண்டாம்.

ஆகவே அனுமதி கேட்கப் போகுமுன் பார்க்கவேண்டியது கையளிப்புச் சான்றிதழ். மிதிவெடி அகற்றிய நிறுவனம் வேலை முடித்துக் கொடுத்த தாள் பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ இருக்கும். அதில் மூன்று விடயம் பாருங்கள்: எந்த எல்லைக்குள், எவ்வளவு ஆழத்துக்கு, மேற்பரப்பு மட்டுமா மண்ணுக்குள்ளுமா. 'ஸ்கூல் கிளியர்' என்ற வாய்வார்த்தைக்குப் பெறுமதி இல்லை. மைதானம் எல்லைக்குள் இருக்கும், பின்வேலியோரப் பற்றை வெளியே இருக்கும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: சான்றிதழ் அந்த நிலத்துக்குத்தானே ஒழிய, பிறகு ரிப்பரில் வந்து கொட்டின கிறவலுக்கும் குளக்கட்டு மண்ணுக்கும் அல்ல. மைதானம் மேடாக்க எங்கிருந்து மண் வந்தது என்று காவலாளியைக் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் கிளிநொச்சியில் உள்ள பிராந்தியக் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் கேட்கலாம்.

அனுமதிக்கு வருவோம். "அதிபர் சேர் ஓம் எண்டவர்" என்பது அனுமதி ஆகாது. வளவு அரசாங்கச் சொத்து, அதிபர் பொறுப்பாளர் மட்டுமே. மாகாணப் பாடசாலை என்றால் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதவேண்டும், தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சுப் பக்கம் போகவேண்டும். பிரதிகள் கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும். பொலிசுக்குப் பிரதி கொடுக்காமல் போனால், மதிலுக்கு வெளியே நின்று பார்க்கிற யாராவது கொடுக்கும் தகவல்தான் அவர்களுக்கு முதலில் போய்ச் சேரும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன தொலைந்தது, யாருடையது, எந்த நாள் எந்த நேரம், மைதானத்தின் எந்தப் பகுதி (கையால் கீறின படம் போதும்), மெஷினின் பெயர், வருகிறவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். கடைசியில் இரண்டு வரி கட்டாயம்: 'நிலம் தோண்டப்படமாட்டாது', 'கிடைக்கும் எப்பொருளும் அதிபர் முன்னிலையில் பதிந்து ஒப்படைக்கப்படும்'. இந்த இரண்டும் இல்லாத கடிதம் மேசை மேசையாக அலையும். தேடுவது பாடசாலை விடுமுறை நாளில், ஓர் ஆசிரியர் கூட நிற்க. பிள்ளைகள் நிற்கிற நேரத்தில் வேண்டவே வேண்டாம். சத்தம் கேட்டால் ஓடிவந்து கிளறுவது அவர்கள்தான்.

தோண்டினால் சட்டம் வேறு வாசலால் வரும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, நிலத்துக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உரிமம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம், காணிச் சொந்தக்காரருக்கும் விலக்கு இல்லை. யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு ஒன்று தற்செயலாக மேலே வந்தாலும் சட்டைப்பைக்குள் போகக்கூடாது. மனித எலும்போ துணியோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, பொலிசுக்கு அறிவித்து, நீதவான் வரும்வரை யாரும் கை வைக்காமல் பார்க்கவேண்டும். 2013 இல் திருக்கேதீச்சரத்திலும் 2023 இல் கொக்குத்தொடுவாயிலும் புதைகுழி வெளிப்பட்டது தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோதுதான்.

இவ்வளவும் சரியென்றால், மெஷின் தன் வேலையை நன்றாகவே செய்யும். நகை விழுந்த இடத்தைத் தொலைத்தவரையே நடந்து காட்டச் சொல்லுங்கள். கயிறு பிடித்து ஒரு மீற்றர் அகலக் கீற்றுகளாகப் பிரியுங்கள். சட்டைப்பையில் போன், திறப்பு வேண்டாம். இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தும் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம், எந்த உலோகத்தையும் தள்ளாத 'சீரோ' முறையில் போட்டு மைதானத்தில் எவ்வளவு குப்பை என்று பாருங்கள், பிறகு 'ஜுவலரி' முறைக்கு மாற்றுங்கள். கொயில் புல்லைத் தொட்டும் தொடாமலும், நிலத்துக்குச் சமாந்தரமாக, ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடுகிறமாதிரி மெதுவாக. வீச்சின் முடிவில் கொயிலை மேலே தூக்குவதுதான் புதிதாகப் பிடிக்கிறவர்களின் பிழை. கீற்றின் இரண்டு கரையும் தேடப்படாமல் போகும்.

மோதிரத்தைத் தெளிவாகப் பிடிக்கும். மெல்லிய சங்கிலியில் தடுமாறும், ஏனென்றால் ஒவ்வொரு வளையமும் தனித்தனிச் சின்னப் பொருளாகவே அதற்குத் தெரிகிறது. சில சென்ரிமீற்றருக்கு மேல் எட்டாது, பெரும்பாலும் கொக்கியைத்தான் கேட்கும். குழந்தைத் தோடு கிடைப்பது அதிர்ஷ்டம். டொபித் தாளும் பிஸ்கற் பைக்குள் இருக்கும் வெள்ளித் தாளும் பொன்னின் எண்ணிலேயே வரும், அதற்கு மருந்தில்லை. சத்தம் வந்ததும் 'பின்பொயின்ற்' பொத்தானை அமத்திப் பிடித்து நடுவைக் கண்டு, கண்ணால் பாருங்கள். நேற்று விழுந்த நகை மேலேதான் கிடக்கும். புல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது நீங்கள் தேடுகிற பொருள் அல்ல, விட்டுவிட்டு அடுத்த கீற்று. குச்சியாலோ சப்பாத்து நுனியாலோ கிளறுவதும் தோண்டுவதுதான்.

சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், அடையாளத்துக்கென்று பக்கத்தில் கம்பு நாட்டாமல், வந்த காலடியிலேயே திரும்பி, தூரத்தில் நின்று ஆட்களை மறித்து, அதிபருக்கும் 119 க்கும் அறிவிக்கவேண்டும். அந்த மைதானத்தில் அதன் பிறகு சருகு கூட்டி எரிக்கவும் விடவேண்டாம்.

ஆணியும் தகரத் துண்டும் பிள்ளைகளின் காலில் குத்துகிறது என்பதுதான் பாடசாலையின் பிரச்சினை என்றால் இந்த மெஷினே தேவையில்லை. சில்லு வைத்த காந்தச் சட்டம் ஒன்றை மைதானத்தில் இரண்டு தரம் இழுத்தால் மேலே கிடக்கிற இரும்பு முழுக்க ஒட்டிக்கொள்ளும், விலையும் எத்தனையோ மடங்கு குறைவு. அதே காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பாடசாலைக் கிணற்றுக்குள்ளோ குளத்துக்குள்ளோ விட மட்டும் வேண்டாம்; அங்கே போட்டுவிட்டுப் போனவை என்னவென்று போட்டவர்களுக்கே தெரியும்.