மரீனா தி ரகூசா: படகில் குடியிருப்பவர்களுக்கு ஒரு குளிர்காலத் துறை

படகையே வீடாக வைத்திருப்பவர்கள் மத்தியதரைக் கடலில் குளிர்காலத்துக்கு இடம் தேடும்போது முதலில் வாடகையைத்தான் விசாரிப்பார்கள். ஜனவரி இரவில் பக்கத்துப் படகுகளில் விளக்கு எரியுமா என்று முதலில் விசாரியுங்கள் என்பேன் நான். சிசிலியின் தெற்குக் கரையில், தென்கிழக்கு மூலையை ஒட்டியிருக்கும் மரீனா தி ரகூசா படகுத்துறையை நான் மனதார மெச்சுவது அதற்காகத்தான்.

இதற்கு முந்திய குளிர்காலத்தில் வேறொரு நாட்டில் நின்றோம். வாடகை மலிவு. டிசம்பர் பிறந்ததும் வரிசை முழுக்கப் பூட்டிய படகுகள். ஒரு புயல் இரவில் எதிர்ப்படகின் கயிறு அறுந்து அது எங்கள் பக்கம் சரிந்தபோது, கைகொடுக்க என் கணவரையும் என்னையும் விட்டால் ஆளில்லை. சனிக்கிழமை கரண்ட் போனால் திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்வரை இருட்டுத்தான்.

மரீனா தி ரகூசா 2009-ல் திறந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட படகுகள் நிற்கலாம். ஐப்பசி பிறந்தால் பிரித்தானியர், ஜெர்மானியர், அமெரிக்கர், ஒல்லாந்தர் என்று ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். அவர்களில் பலர் படகிலேயே தங்குபவர்கள். காலையில் படகுகள் ஒன்றோடொன்று பேசும் விஎச்எஃப் வானொலியில் எல்லோரும் கூடுவார்கள். இன்றைய காற்று எப்படி, யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யாரிடம் தண்ணீர்ப் பம்புக்கு வாஷர் இருக்கிறது, எந்தப் பல் வைத்தியர் நல்லவர், எல்லாம் அங்கேதான். ஞாயிறு மதியம் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டுவார்கள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுபோக வேண்டும். நான் கத்தரிக்காய்ப் பால்கறியும் பாணும் கொண்டுபோவேன். இதையெல்லாம் நடத்துவது அலுவலகமல்ல, படகுக்காரர்களேதான். நீங்கள் கட்டும் பணத்துக்குள் இது எழுதப்பட்டிருக்காது, ஆனால் இதற்காகத்தான் அங்கே போக வேண்டும்.

கரை தெற்கே திறந்து கிடக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று எழும்பினால் துறையின் வாயிலில் அலை மடிந்து விழும், மணலும் நகரும். எனவே தெற்குக் காற்று பலக்கும் நாளில் உள்ளே நுழைய நினைக்க வேண்டாம். முன்கூட்டியே வானொலியில் கூப்பிட்டு, வாயிலில் இப்போது எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். கட்டி நிற்பது இந்தக் கடலின் வழக்கப்படிதான்: படகின் பின்பக்கத்தைத் துறைமேடைக்குக் கொடுத்து, அடியில் கிடக்கும் கயிற்றை இழுத்து முன்பக்கத்தில் இறுக்க வேண்டும். குளிர்காலத்துக்குப் பின்கயிறுகளை இரட்டிப்பாக்கி, உரசும் இடங்களில் பழைய தண்ணீர்க் குழாயை உறையாகப் போடுங்கள். பாய் ஏற்றும் கயிறுகளைப் பாய்மரத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அது இரவு முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, வரிசைக்கே நித்திரை போகும். சிரோக்கோ போன பிறகு படகு முழுக்கச் சகாராவின் சிவப்புத் தூசி. உப்பு நீரால் கழுவாமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

குளிர் என்று பார்த்தால் லண்டனில் இருந்த எங்களுக்கு இது குளிரே இல்லை. பகலில் 15 பாகை அளவில் நிற்கும். எதிரி ஈரம்தான். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. அதோடு சோற்றுப்பானை ஆவியும் புட்டுக்குழல் ஆவியும் சேர்ந்தால், மெத்தைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கக் கேட்கவா வேண்டும். எங்கள் சமையல் சமைக்கிற குடும்பம் துறையில் நிற்கும்போது வாயுவை மூடிவிட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவது நல்லது. கரைக் கரண்டைக் கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள்: 16 அம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ட்டில் மொத்தம் 3.7 கிலோவாட் மட்டும். 2 கிலோவாட் அடுப்பு ஓடும்போது 2 கிலோவாட் ஹீட்டரையும் போட்டால் அளவு மீறி பிரேக்கர் விழக்கூடும். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதாயின் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் கம்ப்ரஸர் வகையை விட, உலர்த்தும் பொருளால் ஈரத்தை இழுக்கும் டெசிக்கன்ட் வகையையே வாங்குங்கள். குறைந்த வெப்பத்திலும் அது ஒழுங்காக வேலை செய்யும், கொஞ்சம் சூடும் தரும். கரண்ட் கூடத்தான் தின்னும், அது பரவாயில்லை. கரைக் கரண்டில் மாதக்கணக்காக நிற்கும் படகுக்கு, கரைக் கம்பி வழியாக அரிப்பு மின்சாரம் ஓடாமல் தடுக்கும் கல்வானிக் ஐசொலேட்டர் இல்லாமல் முடியாது. அது இல்லாவிட்டால் பக்கத்துப் படகுகளோடு மின் தொடர்பு ஏற்பட்டு, படகின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டிகள் கரைந்துபோகும்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது கோடைக் கடற்கரை ஊர். குளிர்காலத்தில் பாதிக் கடைகள் சாத்திக்கிடக்கும், கடற்கரை வீதி வெறிச்சென்றிருக்கும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்கள் என்பதால் தை மாதத்திலும் தக்காளி, கத்தரி, மிளகாய் புதிதாகக் கிடைக்கும். மலைமேல் ரகூசா இப்லா இருக்கிறது. 1693 நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் கட்டிய ஊர், 2002 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. மழைநாளில் போய் ஸ்காச்சா வாங்கிச் சாப்பிடுங்கள்: தக்காளிக் குழம்பு தடவி மடித்துச் சுட்ட ரொட்டி. கறிவேப்பிலைக்கு மட்டும் வழியில்லை. தீவின் மறுகரையில் பலெர்மோவுக்குப் போனால் பல்லாரோ சந்தைப் பக்கம் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள் இருக்கின்றன. போய்வர ஒரு முழுநாள் வேண்டும்.

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். துறையோடு செய்யும் குளிர்கால ஒப்பந்தம் படகுக்குத்தான், உங்களுக்கல்ல. விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள், நிற்கலாம். எதிரே மால்டாவுக்கு ஓடிப்போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தால் கணக்கு நிற்கும் என்று நம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மால்டாவும் 2007 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. நாங்கள் கோடையைத் துனீசியாவில் கழித்து நாட்களை மிச்சம் பிடித்துக்கொண்டுதான் வருகிறோம். நடுக் குளிர்காலத்தில் லண்டனுக்குப் போய்விடுவோம். சிசிலியின் கேட்டானியா நகரிலிருந்து விமானம். அந்த இடைவெளியில் கயிறுகளையும் ஈரக் கருவியையும் பக்கத்துப் படகுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அவர் போகும்போது அவருடைய படகு எங்கள் பொறுப்பு.