லெக்கெம்பி: குப்பியில் இருப்பது பாதி மருந்துதான்

லெக்கெம்பி என்ற பெயரில் விற்பனையாகும் லெக்கனமாப், நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும் ஒரு திரவம்; 200 மில்லிகிராம், 500 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் சிறு குப்பிகளில் வருகிறது. ஜப்பானின் எய்சாய் நிறுவனமும் அமெரிக்காவின் பயோஜென் நிறுவனமும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ஆல்சைமர் (மறதிநோய்) மருந்துக்கு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 ஜனவரியில் விரைவு ஒப்புதலையும் அதே ஆண்டு ஜூலையில் முழு ஒப்புதலையும் அளித்தது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகளுள் முழு ஒப்புதல் வரை சென்றது இதுவே முதலாவது. முன்பிருந்த டொனெபெசில் போன்ற மாத்திரைகள் அறிகுறிகளைச் சற்றுத் தணித்தனவே தவிர, நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த வகையில் இது புதிய வரவு என்பதில் ஐயமில்லை. ஆனால், குப்பியில் உள்ளதை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே என் கருத்து. இதை வாங்கும் குடும்பம் உண்மையில் வாங்குவது ஒரு மருத்துவமனையின் ஒன்றரை ஆண்டுக் கவனத்தை. அந்தக் கவனம் தரமாக இல்லாத இடத்தில் இதே குப்பி ஆபத்தான சரக்காகிவிடுகிறது.

மருந்தின் பின்னணி சுவீடனில் தொடங்குகிறது. அந்நாட்டின் வடபகுதிக் குடும்பம் ஒன்றில் இளவயதிலேயே ஆல்சைமர் வருவதை ஆராய்ந்த லார்ஸ் லன்ஃபெல்ட் குழுவினர், அவர்களிடம் இருந்த மரபணு மாற்றம் அமிலாய்டு மூலக்கூறுகளை வழக்கத்தைவிட வேகமாகச் சிறு இழைகளாகத் திரளச் செய்கிறது என்று 2001இல் வெளியிட்டனர். முற்றிய படிவுகளைவிட, படிவாக மாறும் வழியில் உள்ள இந்த இடைநிலை இழைகளே நரம்புச் செல்களுக்கு அதிகக் கேடு செய்கின்றன என்ற கருத்திலிருந்துதான் ஸ்டாக்ஹோமின் பயோஆர்க்டிக் நிறுவனம் வழியாக லெக்கனமாப் உருவாயிற்று. கருத்து நேர்த்தியானது. ஆனால் நோயாளியின் வீட்டில் அது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதுதான் வாங்குபவரின் கேள்வி.

அதற்கான விடை 1,795 பேரைக் கொண்டு 18 மாதங்கள் நடத்தப்பட்ட ஆய்வில் இருக்கிறது. ஐம்பது முதல் தொண்ணூறு வயதுக்குட்பட்ட, நோயின் தொடக்க நிலையில் இருந்த, மூளையில் அமிலாய்டு இருப்பது உறுதியான அவர்களில் ஒரு பாதியினருக்கு மருந்தும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத திரவமும் ஏற்றப்பட்டன. நோயின் நிலையை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்திய அளவுகோலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. நோயாளியையும் அவருடன் இருப்பவரையும் தனித்தனியே விசாரித்து, நினைவாற்றல், நாள் இடம் அறிதல், முடிவெடுக்கும் திறன், வெளியுலகப் புழக்கம், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுதல் ஆகிய ஆறு பிரிவுகளுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் 18, மதிப்பெண் கூடக் கூட நிலைமை மோசம். 18 மாத முடிவில் மருந்து பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 1.21 கூடியிருந்தது, பெறாதவர்களுக்கு 1.66. இடைவெளி 0.45. விளம்பரங்களிலும் செய்திகளிலும் வந்த '27 சதவீதம் மெதுவாகிறது' என்ற வாசகம் இந்த இரண்டு எண்களிலிருந்து பிறந்ததுதான்.

இந்த அளவுகோலில் தனி ஒருவருக்கு ஏற்படக்கூடிய மிகச் சிறிய மாற்றமே அரைப் புள்ளி என்பதைக் கவனித்தால், 0.45 என்பது எத்தகைய வேறுபாடு என்று புரியும். சராசரியை அப்படித் தனிமனிதர்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது என்பது உண்மையே. சிலருக்கு அதிகமாகவும் சிலருக்கு ஒன்றுமில்லாமலும் பயன் கிடைத்திருக்கலாம். இருந்தாலும், வீட்டில் இருப்பவர் கண்ணால் கண்டு 'மருந்து வேலை செய்கிறது' என்று சொல்லும் அளவு மாற்றம் இதில் இல்லை. இது நோயைக் குணப்படுத்துவதில்லை, இழந்த நினைவை மீட்பதுமில்லை. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றிக்கொண்டுதான் போகும், சற்று மெதுவாக. இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லாத மருத்துவமனையை நான் நம்பமாட்டேன். மூளை ஸ்கேனில் அமிலாய்டு பெருமளவு குறைந்துவிடுவது என்னவோ உண்மைதான். ஸ்கேன் படம் தெளிவாகிவிட்டது என்று காட்டி நம்பிக்கை ஊட்டுவது எளிது. ஆனால் படம் தெளிந்த அளவுக்கு மனிதர் தெளிவதில்லை.

இனிச் சேவைப் பகுதி. இதைத்தான் பெரும்பாலான மதிப்புரைகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. முதலில், நோயாளி இதற்குத் தகுதியானவரா என்று அறிய, அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனோ முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையோ பெரும்பாலும் தேவை. அடுத்து, பழைய இரத்தக்கசிவுத் தடயங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க எம்ஆர்ஐ. பிறகு ஏபோஇ என்ற மரபணுவின், ஆல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் நான்காம் வகை எத்தனை பிரதிகள் உள்ளன என்ற சோதனை. இவற்றைக் கடந்தபின், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கிட்ட மருந்தை 250 மில்லி உப்புநீர்ப் பையில் கலந்து, நுண்வடிகட்டி பொருத்திய குழாய் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏற்றுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு 26 முறை. ஏற்றும்போது குளிர், காய்ச்சல், குமட்டல் போன்ற எதிர்விளைவுகள் ஆய்வில் 26.4 சதவீதம் பேருக்கு வந்தன; பெரும்பாலும் முதல் தடவையிலேயே வருவதால் அன்று நெடுநேரம் கண்காணிப்பில் உட்கார வைக்கிறார்கள். இடையிடையே எம்ஆர்ஐயும் உண்டு. ஐந்தாவது, ஏழாவது, பதினான்காவது தடவைகளுக்கு முன் என்றிருந்ததை, மூன்றாவது தடவைக்கு முன்பும் ஒன்று எடுக்க வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் 2025 ஆகஸ்டில் கூட்டியது. தொடக்க வாரங்களிலேயே சிலருக்குக் கடுமையான மூளை வீக்கம் வந்து உயிரிழப்பும் நேர்ந்ததே காரணம். நினைவு தடுமாறும் ஒருவரால் இந்த அட்டவணையைத் தானாகப் பின்பற்ற முடியாது. உடன் வருபவர் ஒருவர் தம் வேலைநாட்களை இதற்கென ஒதுக்கியாக வேண்டும். அந்தச் செலவு எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

ஆபத்துகள் இரண்டு: மூளைத் திசுவில் நீர் கோத்து வீங்குவது, நுண்ணிய இரத்தக்கசிவு ஏற்படுவது. ஆய்வில் வீக்கம் 12.6 சதவீதம் பேருக்கும், கசிவு சார்ந்த மாற்றங்கள் 17.3 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் தென்பட்டன. மருந்து பெறாதோரில் இவை முறையே 1.7, 9 சதவீதம். வீக்கம் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி ஏதும் தோன்றவில்லை, சில மாதங்களில் வடிந்தும் விட்டது. ஆனால் இந்தச் சராசரி ஒரு முக்கிய வேறுபாட்டை மறைக்கிறது. ஏபோஇ நான்காம் வகை இல்லாதவர்களில் வீக்கம் வந்தவர்கள் 5.4 சதவீதம், ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9, இரண்டு பிரதிகளும் உள்ளவர்களில் 32.6. ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜூலையில் இந்த மருந்தை நிராகரித்து, நவம்பரில் மறுஆய்வு செய்து, இரண்டு பிரதிகள் உள்ளவர்களை விலக்கிய பிறகே பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதல் 2025 ஏப்ரலில் வந்தது. அமெரிக்காவில் அப்படித் தடை இல்லை. எச்சரிக்கை மட்டும் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர் எடுத்த முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது. மரபணுச் சோதனை பிள்ளைகளுக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடும் என்பதால், அதற்கு முன் குடும்பத்தோடு பேசும் ஏற்பாடு மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்பதும் நியாயமே.

இந்த வீக்கம் சில நேரம் பக்கவாதத்தைப் போலவே தோற்றமளிக்கும். பேச்சுக் குழறி, ஒரு பக்கம் வலுவிழந்து அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மணிக்கணக்குப் பார்த்து விரைந்து போடுவதுதான் இன்றைய நடைமுறை. வேறெவருக்கும் அது உயிர்காக்கும் வேகம். லெக்கனமாப் பெற்றுவந்த, இரண்டு பிரதிகளும் கொண்ட 65 வயது நோயாளி ஒருவர் அந்த ஊசிக்குப் பிறகு மூளை முழுவதும் கசிவு ஏற்பட்டு இறந்தது 2023 தொடக்கத்தில் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதனால்தான் சிகிச்சையில் இருப்பவர் அதைத் தெரிவிக்கும் அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும், எம்ஆர்ஐயில் நான்குக்கு மேல் நுண்கசிவுத் தடயங்கள் உள்ளவர்களுக்கும் இதைத் தொடங்க வேண்டாம் என்று 2023இல் அமெரிக்க வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரைகள் சொல்வதும் இந்த அச்சத்தினாலேயே.

விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு 26,500 டாலர். 75 கிலோ எடைக்கான கணக்கு இது. ஜப்பானில் 2023 டிசம்பரில் விற்பனை தொடங்கியபோது 50 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 29.8 லட்சம் யென். அமெரிக்க முதியோர் காப்பீட்டில் நோயாளியின் பங்கு 20 சதவீதம் என்பதால், துணைக் காப்பீடு இல்லாதவருக்கு மருந்துக்கு மட்டுமே ஆண்டுக்கு 5,300 டாலர் ஆகும். அரசு மருத்துவச் சேவையில் எந்த மருந்தைத் தரலாம் என்று மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட இறுதி வரைவில், இலேசான நிலையிலிருந்து நடுத்தர நிலைக்குச் செல்வது நான்கு முதல் ஆறு மாதம் தள்ளிப்போவதே கிடைக்கும் பயன் என்றும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதற்கும் தீவிரக் கண்காணிப்புக்கும் ஆகும் செலவுக்கு அது ஈடாகாது என்றும் கூறிப் பரிந்துரைக்க மறுத்தது. மருந்தோடு சேவையையும் சேர்த்து எடைபோட்ட தீர்ப்பு அது என்பதால் எனக்கு அதில் மதிப்பு அதிகம்.

போட்டி மருந்தான டோனனெமாப் மாதம் ஒருமுறை ஏற்றினால் போதும், படிவு நீங்கியதும் நிறுத்திவிடலாம் என்ற வகையில் வசதியானது. ஆனால் அதன் பெரிய ஆய்வில் வீக்கம் 24 சதவீதம் பேருக்கு வந்தது. பின்னர் அளவை மெல்ல ஏற்றும் முறை வந்து அந்த விகிதம் இறங்கியிருக்கிறது. லெக்கெம்பியும் பதிலுக்கு, 18 மாதம் முடித்தவர்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்ளலாம் என்றும், வாரம் ஒருமுறை வீட்டிலேயே தோலடியில் போட்டுக்கொள்ளும் ஊசிப்பேனா என்றும் 2025இல் இறங்கிவந்தது. வசதிதான். எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு மட்டும் அதன் மருந்துக் குறிப்புத்தாளில் நேரான பதில் இல்லை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணித்தது. அவர்களில் பலர் வழி தவறி அலையத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துவரப்படுகிறார்கள். அந்த நிலையில் இந்த மருந்துக்கு இடமே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதன் பெயரைச் சொல்லி விசாரிக்கும்போது நான் சொல்வது, முதலில் காது கேட்கிறதா, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் உள்ளனவா என்று பாருங்கள் என்பதே. மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் மறதிநோயில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்ற லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட 2024 அறிக்கையின் பட்டியலில், காதும் அழுத்தமும் சர்க்கரையும் உள்ளன.

இதையெல்லாம் அறிந்தும் தொடங்க விரும்புபவர், நோய் உண்மையிலேயே தொடக்க நிலையில் இருந்து, நான்காம் வகைப் பிரதி ஒன்றுகூட இல்லாமல், உடன்வர ஆளும் இருந்தால், தொடங்குவதில் தவறில்லை. ஆனால் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது மருந்தின் விலையைக் கேட்பதற்கு முன், நள்ளிரவில் தலைவலியோ குழப்பமோ வந்தால் உடனே எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, அதில் இந்த வீக்கத்தை இனம்காணப் பழகிய கதிரியக்க மருத்துவர் இருக்கிறாரா, அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த மருந்தின் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும், அங்கே முதல் டிரிப்ஸைத் தொடங்க வேண்டாம்.