மெட்டபாலிசத்தைக் கூட்டித் தருவதாகப் பணம் வாங்குவோர் பற்றி ஓர் எச்சரிக்கை

"உங்கள் மெட்டபாலிசம் மந்தமாகிவிட்டது, அதைக் கூட்டிவிட்டால் எடை தானாக இறங்கிவிடும்" என்று சொல்லி, மூன்று மாதத் திட்டத்துக்குத் தலைக்கு 18,500 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்ட ஓர் எடைக்குறைப்பு நிலையம் என்னையும் என் மதினியையும் எப்படி நடத்தியது என்பதை, திருநெல்வேலியில் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷன் பக்கத்திலும் இப்படிப்பட்ட பதாகைகளைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நடவடிக்கையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நாங்கள் இருவருமே குறைக்க நினைத்தது நான்கைந்து கிலோதான். மதினிக்கு இரத்த அழுத்தம் உண்டு, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சேரும்போதே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அவர்களுடைய வியாபாரம் முழுவதும் ஓர் எடைபார்க்கும் கருவியில் தொடங்குகிறது. செருப்பைக் கழற்றி இரண்டு உலோகத் தகடுகளின் மேல் நின்று, கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால், அரை நிமிடத்தில் ஒரு தாள் அச்சாகி வரும். அதில் கொழுப்பு எத்தனை விழுக்காடு, தசை எவ்வளவு, ஓய்வில் உடல் எரிக்கும் கலோரி எவ்வளவு என்பவற்றோடு, கடைசியில் சிவப்புக் கட்டத்துக்குள் 'உடல் வயது' என்று ஓர் எண் இருக்கும். எனக்கு வயது 44. "அக்கா, உங்க உடம்புக்கு 58 வயசுன்னு காட்டுது பாருங்க" என்று அங்கிருந்த பெண் அந்தக் கட்டத்தைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் பணப்பையைத் திறக்கத்தான் தோன்றும்.

அந்தக் கருவி மெட்டபாலிசத்தை, அதாவது வளர்சிதை மாற்றத்தை, அளப்பதே இல்லை. அது ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உடலுக்குள் செலுத்தி, வழியில் எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. தசையில் நீர் அதிகம், கொழுப்பில் குறைவு என்பதால், அந்தத் தடையை வைத்து இரண்டின் அளவையும் ஊகிக்கிறது. மிச்சமெல்லாம் கணக்கு, நமது வயதையும் உயரத்தையும் அந்தப் பெண்தான் விசைப்பலகையில் தட்டினார். ஓய்வில் உடல் எரிக்கும் கலோரியைக் கணக்கிட, 1990இல் வெளிவந்து இன்று உணவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்ளின் சூத்திரத்தை வைத்து நானே வீட்டில் போட்டுப் பார்த்தேன்: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண்ணானால் மேலும் 161ஐக் கழிக்க வேண்டும். 66 கிலோ, 156 சென்டிமீட்டர், 44 வயதுக்கு 1,254 கிலோ கலோரி வந்தது. அச்சுத்தாளில் இருந்ததும் ஏறத்தாழ அதுவேதான். 'உடல் வயது' என்பதற்கோ எல்லாரும் ஒப்புக்கொண்ட மருத்துவ அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தனக்குத் தோன்றிய சூத்திரத்தில் அதைச் சொல்கிறது. வளர்சிதை மாற்ற வேகத்தை உண்மையாகவே அளக்க வேண்டுமானால், முகமூடி மாட்டியோ தலைமேல் கூண்டு கவிழ்த்தோ, நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளக்க வேண்டும்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். முதல் எடை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலம் நான்கு மணியளவில் எடுக்கப்பட்டது. இரண்டாவது எடைக்கு மட்டும் விடியற்காலையில், வெறும் வயிற்றோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச் சொன்னார்கள். எதையும் செய்யாமலேயே இந்த இரண்டு நேரங்களுக்கிடையில் ஒரு கிலோ வரை வேறுபடும்.

கொடுத்த திட்டம் இதுதான்: காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு மாவைப் பாலில் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் காய்கறி மட்டும், சோறு கூடாது, படுக்கப் போகும் முன் ஒரு 'மெட்டபாலிசம் தேநீர்'. முதல் வாரத்திலேயே எனக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. நிலையத்தார் அதைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டவும் அனுமதி கேட்டார்கள். உண்மையில், நம் கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பு அரைக்கிலோ அளவில் இருக்கும். ஒவ்வொரு கிராம் சேமிப்போடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் கரைவது இந்தச் சேமிப்பும் அதன் நீரும்தான். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி குறைய வேண்டும் என்பதால், ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்புக் குறைவது என்பது, பட்டினியே கிடந்தாலும் எங்களைப் போன்ற உடல்வாகுக்கு நடவாத காரியம்.

இது நிரூபணமாக வெகுநாள் ஆகவில்லை. உறவில் ஒரு கல்யாணம் முடிந்து, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் வழக்கமான அளவுக்குச் சோறு சாப்பிட்டேன். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்துவிட்டது. போன நீர் திரும்பிவிட்டது, அவ்வளவே. ஆனால் நிலையத்தில் இதையே ஆதாரமாக்கி, "உங்க மெட்டபாலிசம் இன்னும் பிடிக்கலக்கா, பூஸ்டர் போடணும்" என்று 4,000 ரூபாய்க்கு மேலும் ஒரு டப்பாவை நீட்டினார்கள். இறங்கினால் அவர்கள் பொருளின் பெருமை, ஏறினால் நம் உடம்பின் குறை. பூஸ்டரை நான் வாங்கவில்லை.

இனி அந்தத் தேநீருக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான். குடிக்கத் தொடங்கியதிலிருந்து அதிகாலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை போகத் தொடங்கியது. கேட்டால், "கழிவெல்லாம் வெளியேறுது, கொழுப்புக் கரையுது" என்றார்கள். எனக்குக் களைப்போடு நின்றது. மதினிக்கு இரவில் கெண்டைக்கால் சுண்டியிழுக்கவும், எழுந்து நின்றால் கண்ணை இருட்டவும், நெஞ்சு படபடக்கவும் ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மதினியின் தகப்பனார் வந்திருந்தார். வானம் பார்த்த நிலத்தில் பல காலம் வெள்ளாமை செய்தவர். வடிகட்டியில் ஊறிக் கிடந்த இலைத் துணுக்கை எடுத்து உள்ளங்கையில் விரித்து, மோந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நம்ம காட்டுல வெளஞ்ச நிலவாகைல்லா! இதுக்கா இம்புட்டு ரூவா குடுத்த?" என்றார்.

திருநெல்வேலிக்கே அல்வா கொடுப்பது என்றால் இதுதான். உலகச் சந்தையில் இந்த இலைக்குப் பெயரே 'தின்னவேலி சென்னா'. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் காலங்காலமாகக் கப்பலேறும் சரக்கு அது. அளவோடு, மலச்சிக்கலுக்கு, சில நாளைக்கு என்றால் சித்த மருத்துவத்திலும் ஆங்கில மருத்துவத்திலும் மதிப்புள்ள மருந்து. நிலவாகையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாப்பிட்ட சோறும் எண்ணெயும் சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. நிலவாகையின் சத்தோ பெருங்குடலைச் சென்றடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்கிறது. கலோரி உள்ளே போன பிறகு அது வெளியேற்றுவது நீரையும், நீரோடு பொட்டாசியம் போன்ற உப்புகளையும்தான். மதினி சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருந்தது; அதுவும் பொட்டாசியத்தை இழக்கச் செய்யும். இரண்டும் சேர்ந்ததில் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இயல்பளவுக்குக் கீழே போயிருந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கக்கூடிய குறைபாடு இது என்று சொன்ன மருத்துவர், அன்றே தேநீரை நிறுத்தச் செய்து மருந்து எழுதிக் கொடுத்தார். படிவத்தில் இரத்த அழுத்தம் என்று எழுதியிருந்ததை நிலையத்தில் யாரும் படித்திருந்ததாகவே தெரியவில்லை. தேநீர்ப் பொட்டலத்தின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. ஒரு பச்சை ஒட்டி மட்டுமே இருந்தது.

அப்படியானால் மெட்டபாலிசத்தைக் கூட்டவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு, நான் படித்தும் மருத்துவரிடம் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன். நாம் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் 60 முதல் 70 விழுக்காடு வரை, சும்மா படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் மற்ற உறுப்புகளும் எடுத்துக்கொள்வது. ஏறத்தாழ 10 விழுக்காடு உணவைச் செரிக்கச் செலவாகிறது. எஞ்சியதுதான் நடப்பதும் வேலை செய்வதும். நாற்பதைத் தாண்டினால் இயந்திரம் மந்தமாகிவிடும் என்று அவர்கள் சொல்வதும் சரியில்லை: 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் திரட்டி 2021இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில், உடலின் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை வளர்சிதை மாற்ற வேகம் ஏறத்தாழ மாறாமலே இருப்பதாகவும், அதன் பிறகே மெல்லக் குறைவதாகவும் தெரியவந்தது.

தேநீரும் காபியும் சில மணி நேரத்துக்குச் சிறிதளவு கூட்டும். குளிர்ந்த நீர் குடித்தால் கலோரி எரியும் என்பார்கள். பத்து டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் நீரை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 14 கிலோ கலோரிதான் ஆகும், ஓர் இட்லியில் பாதிகூட வராது. புரதம் செரிக்க மாவுச்சத்தைவிடக் கூடுதல் ஆற்றல் பிடிக்கும் என்பது உண்மை. பருப்பு, பயறு, முட்டை, மீன் சேர்த்துக்கொண்டால் பசியும் அடங்கும். தசை வளர்த்தால் கூடும் என்பதும் உண்மைதான், ஆனால் ஒரு கிலோ தசை கூடினால் ஓய்வில் நாளொன்றுக்கு 13 கிலோ கலோரி அளவே கூடும்; ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்குக்கூட அது காணாது. தசைக்கு வேறு நன்மைகள் உண்டு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. நேர்மாறாக, உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அவர்கள் தந்த பட்டினித் திட்டம் கூட்டுவதாகச் சொன்னதைக் குறைக்கத்தான் செய்யும்.

மெட்டபாலிசத்தை உண்மையிலேயே கணிசமாகக் கூட்டிய ஒரு மருந்து சரித்திரத்தில் இருந்தது. டைநைட்ரோஃபீனால் என்ற அந்த வேதிப்பொருளை 1930களில் அமெரிக்காவில் எடை குறைக்கப் பரவலாக விற்றார்கள். எடை குறைந்தது; கூடவே பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது, சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்தார்கள். 1938இல் அங்கு புதிய சட்டம் வந்ததோடு அது சந்தையைவிட்டுப் போனது. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்தும் இதய நோய் அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, பிறகு இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் 'மூலிகை' என்ற பெயரில் விற்கும் பொடிகளில் அது கலந்திருந்ததைப் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பட்டியல் ஒட்டாத டப்பாவை வாயில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். எடை காரணமின்றி ஏறினால், களைப்பும் குளிர் தாங்காமையும் இருந்தால், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு சில நூறு ரூபாய் போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'செலுத்திய தொகை திரும்பத் தரப்படாது' என்று வெள்ளைத் துண்டுச் சீட்டில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். முறையான ரசீது கேட்டும் தரவில்லை. ரசீது தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். உடல் பருமனைப் போக்கும் மருந்தென்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது என்பதையும் பதிவுத் தபாலில் எழுதினோம். அதற்குப் பதிலாக, இன்னும் மூன்று மாதம் இலவசமாக வரலாம் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. மறுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிந்தோம். திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் கருவியின் அச்சுத்தாள், துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், குறுஞ்செய்திகள், பிரிக்காத ஒரு பொட்டலம் ஆகியவற்றை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்து அந்தத் தேநீரையும் குடித்துக்கொண்டிருந்தால், புகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பொட்டாசியத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.